மங்கல் எழுத்தா, பொடி எழுத்தா? 4கே திரையில் அடம்பிடிக்கும் மென்பொருள்களை வழிக்குக் கொண்டுவருதல்

புதிய 4கே திரையை மேசையில் வைத்ததும் பலர் செய்யும் முதல் வேலை, எழுத்து தெரியவில்லை என்று ரெசல்யூஷனைக் குறைப்பது. அதை மட்டும் செய்யாதீர்கள். 3840 × 2160 புள்ளிகளுக்குக் காசு கொடுத்துவிட்டு 1920 × 1080-இல் ஓட்டினால், அதுவரை ஒழுங்காக இருந்த மென்பொருள்களும் சேர்ந்து தெளிவிழக்கும். அடம்பிடிப்பவை பெரும்பாலும் ஒன்றிரண்டுதான். வைத்தியத்தையும் அவற்றோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

கணக்கைக் கொஞ்சம் தெரிந்துகொண்டால் பிறகு குழப்பம் வராது. 24 அங்குல முழு எச்டி திரையில் ஓர் அங்குலத்தில் ஏறத்தாழ 92 புள்ளிகள் இருக்கும். 27 அங்குல 4கே திரையில் 163. 15.6 அங்குல 4கே மடிக்கணினியில் 282. இந்த எண்ணிக்கையைத்தான் டிபிஐ என்கிறோம். விண்டோஸ் 96 டிபிஐ என்பதை 100 சதவீதமாக வைத்துக்கொள்கிறது; 125 சதவீதம் என்றால் 120, 150 என்றால் 144, 200 என்றால் 192. ஸ்கேல் என்று செட்டிங்ஸில் நீங்கள் மாற்றுவது இந்த எண்ணைத்தான். இந்த எண்ணை மென்பொருள் கேட்டுக்கொள்கிறதா, கேட்காமல் இருக்கிறதா என்பதில்தான் எல்லாத் தகராறும்.

2007-இல் வந்த விண்டோஸ் விஸ்டாவிலிருந்து, தனக்கு டிபிஐ தெரியும் என்று ஒரு மென்பொருள் விண்டோஸிடம் அறிவிக்க வழி இருக்கிறது. அறிவிக்காதவற்றை விண்டோஸ் 96 டிபிஐயில் வரையவிட்டு, வந்த படத்தை இழுத்துப் பெரிதாக்கித் திரையில் காட்டுகிறது. 2013-இல் வந்த விண்டோஸ் 8.1, ஒவ்வொரு திரைக்கும் தனித்தனி டிபிஐ என்ற ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. 2017-இல் விண்டோஸ் 10-இன் 1703 பதிப்பு அதை மேம்படுத்தியது. உங்கள் கணினியில் இருக்கும் மென்பொருள்கள் இந்த மூன்று காலங்களிலும் எழுதப்பட்டவை. ஒரே திரையில் அவை மூன்று விதமாக நடந்துகொள்வதில் வியப்பில்லை.

ஆகவே முதலில் அறிகுறியைச் சரியாகப் பாருங்கள். அளவு சரியாக இருந்து எழுத்து மங்கினால், மென்பொருள் எதையும் அறிவிக்கவில்லை. விண்டோஸ் இழுத்துக் காட்டுகிறது. எழுத்து கூர்மையாக இருந்து பொடியாகத் தெரிந்தால், ‘எனக்குத் தெரியும்’ என்று சொல்லிவிட்டு மென்பொருள் வேலையைச் செய்யவில்லை. இரண்டுக்கும் தீர்வு எதிரெதிர்த் திசையில் இருக்கிறது. ‘இந்தப் பெட்டியில் டிக் செய்தால் சரியாகிவிடும்’ என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் ஆலோசனைகள் பாதிப் பேருக்குப் பலித்து, மீதிப் பேரை மேலும் படுத்துவது இதனால்தான்.

கண்ணை நம்பாதவர்கள் டாஸ்க் மேனேஜரைத் திறந்து ‘டீடெய்ல்ஸ்’ பக்கத்துக்குப் போகலாம். மேலே உள்ள தலைப்பு வரிசையில் வலது கிளிக் செய்து, ‘செலக்ட் காலம்ஸ்’ பட்டியலில் ‘டிபிஐ அவேர்னெஸ்’ என்பதைச் சேருங்கள். விண்டோஸ் 10-இன் பிந்தைய பதிப்புகளிலும் 11-இலும் இது உண்டு. ‘அன்அவேர்’ என்று வந்தால் அறிவிக்காத மென்பொருள். ‘சிஸ்டம்’ என்றால் ஒரே ஒரு டிபிஐயை மட்டும் அறிந்தது. ‘பெர்-மானிட்டர்’ என்றால் திரைக்குத் திரை மாறத் தெரிந்தது, அல்லது தெரிந்ததாகச் சொல்லிக்கொள்வது.

கீழே வரும் பட்டன் பெயர்கள் விண்டோஸின் ஆங்கில இடைமுகத்தில் உள்ளபடி.

அறிகுறி: அளவு சரி, எழுத்து மட்டும் பனிமூட்டமாக இருக்கிறது

பக்கத்தில் நோட்பேடைத் திறந்து அதே சொல்லை அடித்து ஒப்பிடுங்கள். தமிழ் எழுத்தில் இது சட்டென்று பிடிபடும். 150 சதவீதத்தில், ஒரு புள்ளி அகலக் கோடு ஒன்றரைப் புள்ளியாக இழுபடுகிறது. அரைப் புள்ளி என்று திரையில் ஏதும் கிடையாது. அந்த இடம் சாம்பல் நிறமாகிறது. ‘ன்’ மேலுள்ள புள்ளி வட்டமாக இராமல் ஒரு கறையாகத் தெரியும். ‘ண’வின் சுழிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். நாள் முழுவதும் மெய்ப்புப் பார்ப்பவருக்கு இதைவிடக் கொடுமை இல்லை. யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருக்களுக்காகப் பேஜ்மேக்கர் 7.0 என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளை விடாமல் வைத்திருக்கும் அச்சகங்கள் இன்னும் இருக்கின்றன. அது 2001-இல் வந்தது. டிபிஐயை அறிவிக்கும் வழியே அப்போது இல்லை.

முதலில், மென்பொருளை ஓடவைக்கும் உண்மையான இஎக்ஸ்இ கோப்பைக் கண்டுபிடிக்க வேண்டும். ஸ்டார்ட் மெனுவில் வலது கிளிக் செய்து ‘ஓபன் ஃபைல் லொகேஷன்’ கொடுத்தால் பெரும்பாலும் குறுக்குவழிக் கோப்புதான் வரும். அதன்மேல் மறுபடி அதையே கொடுக்க வேண்டும். மென்பொருளை ஓடவிட்டு டாஸ்க் மேனேஜரிலிருந்து போனால் நேரே போய்ச் சேரலாம், நான் எப்போதும் அதைத்தான் செய்கிறேன். காரணம், சில மென்பொருள்கள் ஒரு சிறிய தொடக்கக் கோப்பு வழியாக வேறொரு கோப்பை எழுப்பிவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். தொடக்கக் கோப்பில் என்ன மாற்றினாலும் பயன் இராது.

அந்தக் கோப்பில் வலது கிளிக், ‘பிராப்பர்ட்டீஸ்’, ‘கம்பேட்டிபிலிட்டி’ பக்கம், ‘சேஞ்ச் ஹை டிபிஐ செட்டிங்ஸ்’. திறக்கும் சிறு பெட்டியின் அடிப்பகுதியில் ‘ஓவர்ரைடு ஹை டிபிஐ ஸ்கேலிங் பிஹேவியர்’ என்று இருக்கும். அதில் டிக் செய்தால் மூன்று தேர்வுகள் உயிர்பெறும்: ‘அப்ளிகேஷன்’, ‘சிஸ்டம்’, ‘சிஸ்டம் (என்ஹான்ஸ்டு)’. டாஸ்க் மேனேஜர் காட்டும் ‘சிஸ்டம்’ வேறு, இங்குள்ள ‘சிஸ்டம்’ வேறு; குழப்பிக்கொள்ள வேண்டாம்.

மங்கலுக்கு முதலில் ‘சிஸ்டம் (என்ஹான்ஸ்டு)’ போட்டுப் பாருங்கள். 1703 பதிப்பில் வந்த வசதி இது. மென்பொருள் ஜிடிஐ என்ற பழைய வழியில் எழுத்தையும் கோட்டையும் வரையுமானால், முடிந்த படத்தை இழுப்பதற்குப் பதிலாக, வரையும்போதே விண்டோஸ் பெரிய அளவில் வரைந்துவிடும். எழுத்து கூர்மையாகும், ஐகான்கள் மட்டும் மங்கலாகவே இருக்கும், அவை படங்கள் என்பதால். கணக்கு மென்பொருள், கிடங்குப் பதிவேடு, பழைய டேட்டாபேஸ் முகப்பு போன்றவற்றில் இது நன்றாகவே வேலை செய்கிறது. விளையாட்டுகள் போல டைரக்ட்எக்ஸ் என்ற வேறு வழியில் வரைபவற்றில் பலன் இல்லை.

மாற்றியபின் மென்பொருளை முழுவதும் மூடித் திறக்க வேண்டும். பட்டியல்களைத் திறந்து பாருங்கள். ஓர் அச்சு முன்னோட்டத்தையும் பாருங்கள். எழுத்தின்மேல் எழுத்து ஏறினாலோ, கட்டங்கள் கறுத்துப்போனாலோ, கர்சர் ஓரிடத்திலும் எழுத்து வேறிடத்திலும் விழுந்தாலோ அந்த மென்பொருளுக்கு இது ஒத்துவரவில்லை. டிக்கை எடுத்துவிட்டு மங்கலோடு இருப்பதே மேல். அங்கே ‘அப்ளிகேஷன்’ கொடுத்தால் எழுத்து கூர்மையாகும், ஆனால் எல்லாம் பொடியாகிவிடும். பார்வை கூர்மையான இளைஞர்கள் சிலர் அதையே விரும்புகிறார்கள்.

கம்பேட்டிபிலிட்டி பக்கமே இல்லையென்றால் அது ஸ்டோரிலிருந்து வந்த செயலியாகவோ விண்டோஸின் சொந்தக் கோப்பாகவோ இருக்கலாம். ஒரே கணினியைப் பலர் தனித்தனிக் கணக்கில் பயன்படுத்தினால் ‘சேஞ்ச் செட்டிங்ஸ் ஃபார் ஆல் யூசர்ஸ்’ வழியாகப் போங்கள். இல்லையென்றால் உங்கள் கணக்கில் மட்டும் சரியாகி, அடுத்த ஷிப்டில் வருபவர் அதே புகாரோடு நிற்பார்.

அறிகுறி: சரிசெய்தது சில வாரங்களில் தானாகப் பழையபடி ஆகிவிட்டது

நீங்கள் செய்த தேர்வை விண்டோஸ் அந்தக் கோப்பின் முழுப் பாதையோடு, ரெஜிஸ்ட்ரி என்ற தன் அமைப்புப் பதிவேட்டில் எழுதிவைக்கிறது. மென்பொருள் தன்னைப் புதுப்பித்துக்கொண்டு, பதிப்பு எண் கொண்ட வேறொரு ஃபோல்டரில் போய் உட்கார்ந்தால், பழைய பாதைக்கான குறிப்பு அநாதையாகிவிடும். புதிய ஃபோல்டரில் உள்ள கோப்புக்கு மறுபடி செய்ய வேண்டியதுதான்.

அறிகுறி: எழுத்து கூர்மை, ஆனால் பூதக்கண்ணாடி வேண்டும்

போட்டோஷாப் சிஎஸ்6 இதற்குப் பேர்போன உதாரணம். மெனுவும் கருவிப்பட்டையும் 4கே மடிக்கணினியில் கடுகளவாகச் சுருங்கிவிடும். 2017-க்கு முன் இதற்காக ரெஜிஸ்ட்ரியில் ஒரு வரியைச் சேர்த்து, இஎக்ஸ்இ பக்கத்தில், டிபிஐ அறிவிப்பை மாற்றிச் சொல்லும் ஒரு மேனிஃபெஸ்ட் கோப்பை வைக்கும் வித்தை பரவலாக இருந்தது. இன்றும் அதைச் சொல்லித்தரும் பழைய குறிப்புகள் கண்ணில் படுகின்றன. இப்போது அது தேவையில்லை. மேலே சொன்ன அதே பெட்டியில் ‘சிஸ்டம்’ என்பதைத் தேர்ந்தெடுத்தால் போதும். ‘உனக்கு எதுவும் தெரியாது, நானே பெரிதாக்கிக்கொள்கிறேன்’ என்று விண்டோஸ் பொறுப்பை எடுத்துக்கொள்ளும்.

விலையாகக் கொஞ்சம் மங்கல் வரும். மெனுவுக்கு அது பரவாயில்லை. ஆனால் படம் திருத்துபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: மெனுவோடு சேர்ந்து படமும் இழுபடுகிறது. 200 சதவீத ஸ்கேலில், படத்தின் ஒரு புள்ளி திரையில் நான்கு புள்ளிகளாகத் தெரியும். அந்த நிலையில் 100 சதவீத ஜூம் வைத்து, படம் கூர்மையாக இருக்கிறதா என்று முடிவுசெய்தால், தேவைக்கு மேல் ஷார்ப்பன் செய்துவிடுவீர்கள். திருமண ஆல்பம் போடுகிற ஸ்டூடியோவில் இது சின்ன விஷயமில்லை. கூர்மையைப் பார்க்க மட்டும் படத்தை வேறொரு பார்வை மென்பொருளில் திறந்துகொள்ளுங்கள். முகப்பை 200 சதவீதம் ஆக்கும் வசதி, சோதனை முயற்சியாகப் போட்டோஷாப் சிசி 2014-இல் வந்தது.

இன்னொரு பெரிய கூட்டம் ஜாவா மென்பொருள்கள். ஜாவா 8, டிபிஐ தெரியும் என்று விண்டோஸிடம் சொல்லிக்கொள்ளும். ஆனால் ஸ்விங் என்ற ஜாவா கருவித்தொகுப்பில் செய்த முகப்புகள் அதற்கேற்ப வளராது. 2017 செப்டம்பரில் வந்த ஜாவா 9-இலிருந்து நிலைமை மாறியது. புதிய ஜாவாவில் அந்த மென்பொருள் ஓடுமா என்று அதைக் கொடுத்தவரிடம் கேளுங்கள். ஓடும் என்றால் அதுவே சுத்தமான வழி. ஓடாது என்றால், ‘சிஸ்டம்’ தேர்வை மென்பொருளின் குறுக்குவழிக்குக் கொடுக்காமல், உண்மையில் ஓடுகிற ஜாவா இஎக்ஸ்இ கோப்புக்குக் கொடுக்க வேண்டும். பல மென்பொருள்கள் தங்களுக்கென்று ஒரு ஜாவாவைத் தம் ஃபோல்டருக்குள்ளேயே வைத்திருக்கும். அப்படியானால் கவலை இல்லை. கணினி முழுவதற்கும் பொதுவான ஜாவாவில் கைவைத்தால் அதைப் பயன்படுத்தும் மற்றவையும் மங்கும்.

அறிகுறி: மடிக்கணினியில் நன்றாக இருக்கிறது, பெரிய திரைக்கு இழுத்தால் கெட்டுவிடுகிறது

டாஸ்க் மேனேஜரில் ‘சிஸ்டம்’ என்று காட்டும் மென்பொருள்களின் குணம் இது. நீங்கள் விண்டோஸில் உள்நுழைந்தபோது முதன்மைத் திரையில் என்ன டிபிஐ இருந்ததோ அதையே கடைசிவரை பிடித்துக்கொண்டிருக்கும். 200 சதவீத மடிக்கணினியில் உள்நுழைந்துவிட்டு, அலுவலகத்தில் 100 சதவீத மானிட்டரில் செருகினால், பெரிதாக வரைந்ததை விண்டோஸ் சுருக்கிக் காட்டும். தலைகீழாக நடந்தால் இழுத்துக் காட்டும். இரண்டிலும் மங்கல்தான்.

இதற்குச் செலவில்லாத மருந்து, சைன் அவுட் செய்து மறுபடி உள்நுழைவது. மூடியை மூடித் திறப்பது சைன் அவுட் ஆகாது. அதிகமாக வேலை செய்யும் திரையை ‘மேக் திஸ் மை மெயின் டிஸ்ப்ளே’ என்று முதன்மையாக்கிக்கொண்டு பிறகு உள்நுழைந்தால் பாதிச் சிக்கல் ஓயும்.

தினமும் சைன் அவுட் செய்ய முடியாதவர்கள் அதே ‘ஹை டிபிஐ செட்டிங்ஸ்’ பெட்டியின் மேல்பாதியைப் பாருங்கள். ‘ப்ரோக்ராம் டிபிஐ’ என்ற பகுதியில் டிக் செய்து, ‘ஐ ஓபன் திஸ் ப்ரோக்ராம்’ என்பதைத் தேர்ந்தெடுத்தால், உள்நுழைந்த நேரத்தின் டிபிஐக்குப் பதிலாக மென்பொருளைத் திறக்கும் நேரத்து டிபிஐ எடுத்துக்கொள்ளப்படும். மானிட்டரைச் செருகியபின் மென்பொருளை மூடித் திறந்தால் போதும். மடிக்கணினியை மானிட்டரோடு இணைக்கும் டாக்கில் செருகிப் பிடுங்கும் ஆசாமிகளுக்கு இதைத்தான் நான் முதலில் சொல்வேன். விண்டோஸ் 10-இல் ‘ஃபிக்ஸ் ஸ்கேலிங் ஃபார் ஆப்ஸ்’ என்று பொதுவான ஒரு சுவிட்சும் உண்டு. அது எல்லா மென்பொருளையும் திருத்திவிடும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

வேர்டு, எக்செல் இரண்டும் திரை மாறினால் தாமே சரிசெய்துகொள்ளும். அப்படியும் வேர்டு மட்டும் மங்கினால் ‘ஃபைல்’, ‘ஆப்ஷன்ஸ்’, ‘ஜெனரல்’ பக்கத்தில் பல திரைகளுக்கான தேர்வைப் பாருங்கள். ஏதோ ஓர் ஆட்-இன் (வேர்டோடு சேரும் துணை நிரல்) தகராறு செய்ததென்று யாரோ அதை ‘ஆப்டிமைஸ் ஃபார் கம்பேட்டிபிலிட்டி’ ஆக்கியிருப்பார்கள். ‘பெஸ்ட் அப்பியரன்ஸ்’ ஆக்கிவிட்டு வேர்டை மூடித் திறக்கவும்.

அறிகுறி: ஓகே பட்டன் பெட்டிக்கு வெளியே போய்விட்டது, வரிகள் வெட்டுப்படுகின்றன

எழுத்து வளர்ந்திருக்கிறது, அதைத் தாங்கும் பெட்டி வளரவில்லை. எழுத்தின் அளவுக்கு ஒரு கணக்கும் பெட்டியின் அளவுக்கு இன்னொரு கணக்குமாக எழுதிய நிரல்களில் இது நடக்கும். ‘சிஸ்டம்’ தேர்வு இங்கும் உதவும், இரண்டும் சேர்ந்து இழுபடும் என்பதால்.

அதற்கு முன் இரண்டு இடங்களைச் சரிபார்க்கவும். அக்ஸசிபிலிட்டி பகுதியில் ‘டெக்ஸ்ட் சைஸ்’ என்று தனியாக ஒன்று இருக்கிறது. அது எழுத்தை மட்டும் 225 சதவீதம் வரை பெரிதாக்கும், பெட்டியைத் தொடாது. அதை 100-க்குக் கொண்டுவந்து பாருங்கள். அடுத்து, ‘கஸ்டம் ஸ்கேலிங்’. 137, 165 என்று யாராவது சொந்த எண்ணைப் போட்டிருந்தால் அதை நீக்கிவிட்டு, பட்டியலில் உள்ள 125, 150, 175 ஆகியவற்றுள் ஒன்றுக்கு மாறுங்கள். கஸ்டம் எண் எல்லாத் திரைகளுக்கும் ஒன்றாகவே போய்ச் சேரும். இரண்டு திரை வைத்திருப்பவர்களுக்கு அது வம்பை விலைக்கு வாங்குவது.

ரசீது அடிக்க வாடிக்கையாளர் எதிரே நிற்கிறார், பட்டனைக் காணோம் என்றால் டேப் விசையால் பட்டன்களுக்குள் நகர்ந்து என்டரைத் தட்டுங்கள். கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் பட்டன் அங்கேதான் இருக்கிறது.

அறிகுறி: கிளிக் ஓரிடம், பலன் வேறிடம், திரைப் பிடிப்பில் கால்வாசிதான் வருகிறது

இங்கே எதிர்த் திசைக்குத் திரும்ப வேண்டும். அறிவிக்காத மென்பொருளுக்கு விண்டோஸ் ஒரு கற்பனைத் திரையைக் காட்டுகிறது. 200 சதவீதத்தில் இருக்கும் 4கே திரையை அது 1920 × 1080 என்றே நம்பும். திரையைப் பிடிக்கும் பழைய கருவிகள் இடது மேல்மூலையை மட்டும் பிடிப்பதும், பழைய விளையாட்டுகள் திரைக்கு வெளியே வழிவதும் இந்த நம்பிக்கையால்தான். தீர்வு ‘அப்ளிகேஷன்’. உண்மையான புள்ளிக் கணக்கு மென்பொருளுக்குப் போய்ச் சேரும். முகப்பு பொடியாகலாம், முழுத்திரை விளையாட்டில் அது பெரும்பாலும் தொந்தரவில்லை.

அறிகுறி: ரிமோட் டெஸ்க்டாப்பில் மட்டும் எல்லாம் சுருங்கியோ ஊதியோ இருக்கிறது

ரிமோட் டெஸ்க்டாப் என்பது தொலைவில் உள்ள இன்னொரு கணினியை உங்கள் திரையில் இயக்குவது. விண்டோஸ் 8.1-உம் சர்வர் 2012 ஆர்2-உம் வந்தபின், நீங்கள் உட்கார்ந்திருக்கும் கணினியின் ஸ்கேலைத் தொலைக்கணினி எடுத்துக்கொள்கிறது. தொலைக்கணினிக்குள் போய் ஸ்கேலை மாற்ற முயன்றால் அனுமதிக்காது. உங்கள் பக்கத்தில்தான் மாற்ற வேண்டும். வீட்டிலிருந்து தொடங்கிய இணைப்பை அலுவலகத் திரையிலிருந்து தொடர்ந்தால் பழைய டிபிஐ ஒட்டிக்கொண்டிருக்கலாம். டிஸ்கனெக்ட் செய்தால் அது போகாது. தொலைக்கணினியில் சைன் அவுட் செய்தால் போகும். சர்வர் 2008 ஆர்2 போன்ற பழையவற்றுக்கு இந்த ஏற்பாடே இல்லை. அவற்றுக்கு, இணைப்புச் சாளரத்தின் இடது மேல்மூலை ஐகானைக் கிளிக் செய்தால் வரும் ‘ஜூம்’ ஒன்றே துணை.

லினக்ஸில் இருந்தால்

பெயர்கள்தான் வேறு, நோய் அதேதான். திரையில் வரையும் வேலையை முன்பு எக்ஸ்11 பார்த்தது, இப்போது வேலண்ட் பார்க்கிறது. வேலண்ட் அமர்வில், எக்ஸ்11-க்காக எழுதிய பழைய மென்பொருள்கள் எக்ஸ்வேலண்ட் என்ற இடைத்தளம் வழியாக ஓடுகின்றன. குனோம் என்ற மேசைச்சூழலில் 125, 150 போன்ற பின்ன ஸ்கேலை இயக்கினால் இவற்றைச் சிறிதாக வரையவிட்டு இழுத்துக் காட்டும், ஆகவே மங்கல். 2024-இல் வந்த குனோம் 47 இதற்குச் சோதனை வசதி ஒன்றைக் கொண்டுவந்தது. அதற்கு முந்தைய பதிப்பில் இருப்பவர்கள் பின்ன ஸ்கேலை அணைத்துவிட்டு, 100 சதவீதத்திலேயே வைத்து, ட்வீக்ஸ் என்ற அமைப்புக் கருவி மூலம் எழுத்தின் அளவை மட்டும் 1.25 ஆக்கிக்கொள்வது நடைமுறைக்கு உகந்தது. இன்னொரு மேசைச்சூழலான கேடிஇ பிளாஸ்மாவில் 5.26 பதிப்பு முதல் திரை அமைப்பிலேயே இரண்டு தேர்வுகள் இருக்கின்றன: பழைய மென்பொருள்கள் தாமே பெரிதாகட்டும், அல்லது அமைப்பு பெரிதாக்கட்டும். மங்கினால் முதலாவது, பொடியானால் இரண்டாவது.

இவை எதற்கும் மசியாவிட்டால்

மென்பொருளை எழுதியவரிடம்தான் போக வேண்டும். ‘எழுத்து சரியில்லை’ என்று மட்டும் சொன்னால் கிராபிக்ஸ் டிரைவரைப் புதுப்பிக்கச் சொல்லி அனுப்பிவிடுவார்கள். விண்டோஸ் பதிப்பு, ஒவ்வொரு திரையின் ரெசல்யூஷனும் ஸ்கேலும், எது முதன்மைத் திரை, டாஸ்க் மேனேஜர் அந்த மென்பொருளுக்குக் காட்டும் டிபிஐ அவேர்னெஸ் சொல், மூன்று தேர்வுகளிலும் என்ன ஆயிற்று என்பதை எழுதி அனுப்புங்கள். கூடவே திரையைக் கைப்பேசியில் நெருங்கிப் படமெடுத்து இணையுங்கள். திரைப்பிடிப்பு மட்டும் போதாது. அவர்கள் அதைத் தங்கள் திரையில் வேறொரு ஸ்கேலில் திறந்து பார்க்கும்போது, நீங்கள் பார்த்த மங்கல் அவர்களுக்குத் தெரியாமல் போகலாம்.

அவர் மைக்ரோசாஃப்ட் டாட்நெட்டின் விண்டோஸ் ஃபார்ம்ஸ் என்ற கருவித்தொகுப்பில் எழுதியிருந்தால், டாட்நெட் ஃபிரேம்வொர்க் 4.7 பதிப்பிலிருந்து டிபிஐ ஆதரவு வெகுவாகத் தேறியிருக்கிறது என்பதையும் காதில் போட்டுவையுங்கள். 1703 பதிப்பு மேம்படுத்திய ‘பெர்-மானிட்டர்’ இரண்டாம் வகை என்ற அறிவிப்பைச் சேர்த்தால் மட்டும் போதாது. ஒவ்வொரு பெட்டியையும் 100, 150, 200 சதவீதத்தில் திறந்து பார்த்த பிறகே அதை வெளியிட வேண்டும். பார்க்காமல் அறிவிப்பை மட்டும் சேர்த்தால், இதுவரை மங்கலாக இருந்தது அடுத்த பதிப்பில் பொடியாக வரும்.